ஸ்வீடன் நெடுஞ்சாலையில் ஒரு வளைகாப்பு

கம்பி விற்கிறவனை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனால் அவன் எதைப் பார்ப்பான்? கட்டிமுடித்த மாளிகையைப் பார்க்க மாட்டான். பாதியில் நிற்கும் கட்டடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பார்த்து, “பன்னெண்டு எம்எம்மா, பதினாறா?” என்று பக்கத்து சீட்காரரிடம் பந்தயம் கட்டுவான். ஆஸ்லோவில் இரண்டு நாள் நாங்கள் செய்தது அதைத்தான். வழிகாட்டி கடலைக் காட்டினால் நாங்கள் கிரேனைப் பார்த்தோம்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் எனக்கு ஹார்டுவேர் கடை. விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களைக் கம்பி கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஜோடியோடு வெளிநாடு கூட்டிப் போவார்கள். பாங்காக் போனோம், துபாய் போனோம். இந்தத் தடவை ஸ்காண்டிநேவியா என்றார்கள். அது ஒரு நாடா, பல நாடா என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எல்லோரும் தலையை ஆட்டினோம்.

என் மனைவி குமுதா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அதுல ஸ்வீடன் இருக்குதா?”

இருக்கிறது என்றேன். அன்றைக்கே பஜாருக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்துவிட்டாள்.

எங்கள் மகள் சுகன்யா ஸ்வீடனில் ஹால்ம்ஸ்டாட் என்கிற ஊரில் இருக்கிறாள். லாரிக்குப் பாகங்கள் வரைகிற வேலை. இரண்டு வருஷம் முன்னால் அங்கேயே சீனு என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினாள். பையன் எந்த ஊர் என்று விசாரித்தால், தடா. எல்லையிலிருக்கும் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால், ஆந்திராவில் தடா. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அது தீர்வதற்குள் தடா வந்துவிடும். அத்தனை பக்கத்தில் இருக்கிற ஜனங்கள் ஒருநாள் வந்து பெண் கேட்டிருக்கலாம். தெலுங்குக்காரர்கள் என்று நான் மறுத்திருக்கப் போவதில்லை, எங்கள் பக்கம் பாதிப் பேச்சு தெலுங்குதான். என்னைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். அதனால் வீடியோ காலில் அவன் முகம் தெரிந்தால், “கடையில ஆள் வந்துருக்குது” என்று சொல்லி போனைக் குமுதாவிடம் கொடுத்துவிடுவேன். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளிலும் அதே பதில்தான்.

இப்போது சுகன்யாவுக்கு ஏழாம் மாதம். பிரசவம் அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. ஊருக்கு வந்துபோக அவளுக்கு லீவு இல்லை. அம்மா கையால் ஒரு வளையலாவது போடாமல் பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிடுமோ என்று குமுதா சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆகிறது. எங்கள் பஸ் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போகிற நாளன்று ஹால்ம்ஸ்டாட் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும். அந்தச் சாப்பாட்டு நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதற்குள் வளைகாப்பு.

அன்று காலை ஹோட்டலில் நாஷ்டாவுக்கு வழக்கம்போல ரொட்டி, பச்சையாக மீன், பலவகைச் சீஸ். நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. திருநின்றவூர் டைல்ஸ் கடை ஆல்பர்ட் அதைப் பார்த்ததும் பரவசமாகி என்னைக் கூப்பிட்டார்.

“தணிகாசலம், பால்கோவா வெச்சிக்கிறாம்பா!”

தட்டு நிறைய வெட்டிப் போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு சீஸ்தான். வாயில் போட்டவர் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனைவி ஸ்டெல்லா, “முழுங்கு. எல்லாரும் பாக்குறாங்கோ” என்று மிரட்டினாள். முழுங்கினார். மீதியை டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். தட்டில் மிச்சம் வைத்தால் வெள்ளைக்காரன் நம்மைப்பற்றி என்ன நினைப்பான் என்கிற நல்ல எண்ணம்.

எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் லேனா என்கிற ஸ்வீடன்காரப் பெண்மணி. என் வயது இருக்கும், நல்ல உயரம். சிரிப்பார், ஆனால் ஏழு மணி என்றால் அவருக்கு ஏழு மணி. டூர் மேனேஜர் கார்த்திக், சென்னைப் பையன், கையில் மஞ்சள் கொடி வைத்திருப்பான். ஒவ்வொரு முறை பஸ் கிளம்பும்போதும் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விரல் நீட்டித் தலைகளை எண்ணுவான். நான் கம்பிக் கட்டு எண்ணுகிறபோதுகூட அவ்வளவு கவனமாக எண்ணியதில்லை. தலை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. இன்சூரன்ஸ் என்பான்.

அன்று ஒரு தலை குறைந்தது. ஆல்பர்ட். பாக்கெட்டில் இருந்ததைப் போடக் குப்பைத்தொட்டி தேடிப் போனவர், பிளாஸ்டிக்குக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று என்று வரிசையாக இருந்த தொட்டிகளுக்கு முன்னால் எதில் போடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றிருந்தார். குமுதா பஸ் படியில் நின்று தலையை நீட்டி, “அண்ணே, ஏதாவது ஒண்ணுல போட்டுட்டு வாங்கண்ணே, என் பொண்ணு காத்துனு இருப்பா!” என்று கத்தினாள். ஆஸ்லோ நகரத்தில் அவ்வளவு சத்தம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது.

பஸ் கிளம்பியது. லேனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய டேஷ்போர்டில் ஒரு இயந்திரம் உண்டு. எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரம் ஓட்டினால் கட்டாயம் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இதைக் கார்த்திக் சொன்னபோது பஸ்ஸே சிரித்தது. கல்கத்தாவிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி எங்கள் கடை வாசலில் வந்து நிற்கிற டிரைவர்களை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நார்வே முடிந்து ஸ்வீடன் தொடங்குகிற இடத்தில் உயரமான ஒரு பாலம். கீழே தண்ணீர், இரண்டு பக்கமும் பைன் மரங்கள். பாலத்தைத் தாண்டினால் இன்னொரு நாடு. ஒரு ஆள் நிறுத்தவில்லை, ஒரு தடுப்புக் கட்டை இல்லை. ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற நிலையைப் பார்த்த எங்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. “அவ்ளோதானா?” என்றார் ஆல்பர்ட். எல்லை தாண்டினால் ஒருத்தராவது நம்மை மிரட்ட வேண்டாமா?

குமுதா பாலத்தைப் பார்க்கவில்லை. மடியில் ஒரு பை. அதில் நைட்டிக்குள் சுற்றி, நைட்டியைத் துண்டுக்குள் சுற்றி, வளையல்கள். விமான நிலையத்தில் செக்கிங் ஆள் அதைப் பிரிக்கச் சொன்னபோது, “மெதுவா, மெதுவா” என்று தமிழிலேயே அவருக்கு உத்தரவு போட்டு, அவரையும் மெதுவாகப் பிரிக்கவைத்தவள் அவள். பஸ் குலுங்கினால் பையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்தச் சாலையில் பஸ் குலுங்கவே இல்லை. ஆனாலும் அவ்வப்போது தூக்கிக்கொண்டாள்.

“போன் பண்ணி சொல்லுங்கோ. பன்னெண்டரைக்கு வந்துடுவோம்னு கரெக்டா சொல்லுங்கோ.”

முதல் நாள் இரவே சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். “பன்னெண்டரைக்கு அங்க இருப்போம்மா. நீ வந்துடு.” சரிப்பா என்றாள் சுகன்யா. அந்தச் சரிப்பாவில் ஒரு இழுப்பு இருந்தது. நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு முறை பத்து நிமிடம் நிறுத்தினார்கள். ஆளில்லாத கழிப்பறை, பேங்க் கார்டைத் தட்டிக் காசு கட்டினால்தான் கதவு திறக்கும். ஒருவர் தட்டித் திறந்து, கதவு மூடாமல் பிடித்துக்கொள்ள, பின்னால் வரிசையாக ஆறு பேர் போய் வந்துவிட்டார்கள். ஒரு ஸ்வீடன்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். அவரையும் ஆல்பர்ட் உள்ளே அனுப்பினார். அவர் போய்விட்டு வந்து நன்றி சொன்னார்.

பன்னிரண்டரை அடிக்கும்போது எங்கள் பஸ் ஹால்ம்ஸ்டாட் ஓய்விடத்தில் நின்றிருந்தது. ஒரு நிமிடம் முன்னுமில்லை, பின்னுமில்லை. ஆல்பர்ட் தின்ற நேரத்தையெல்லாம் லேனா எங்கோ வழியில் திரும்பப் பிடித்துவிட்டார்.

சுகன்யா இல்லை.

காரெல்லாம் பார்த்தேன். உணவகத்துக்குள் போய்ப் பார்த்தேன். குமுதா பையை அணைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். போன் போட்டேன்.

“எங்கம்மா இருக்கிற?”

“ஊட்லப்பா. இப்பதான் குளிச்சிட்டு வந்தேன்.”

“பன்னெண்டரைன்னு சொன்னேனேம்மா!”

“நீ சொல்ற பன்னெண்டரை ரெண்டு மணிதானேப்பா?”

ஹார்டுவேர் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மேஸ்திரி போன் போட்டு லோடு எங்கே என்று கேட்பார். லாரி கம்பெனி வாசலையே தாண்டியிருக்காது. நான், “கவரப்பேட்டை தாண்டிடுச்சி நைனா, வந்துக்கினே இருக்குது” என்பேன். மேஸ்திரிக்கும் தெரியும் லாரி கவரப்பேட்டையில் இல்லையென்று. சொல்கிறவன் ஒரு கணக்கில் சொல்வான், கேட்கிறவன் ஒரு கணக்கில் கேட்பான், வேலை நடக்கும். ஸ்கூல் விட்டதும் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் இதைத்தான் கேட்டு வளர்ந்தாள். அப்பா சொல்லும் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எட்டு வயதிலேயே அவளுக்குத் தெரியும். நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளில் அவள் என்னை நம்பவில்லை.

“அய்யோ, நெஜமாவே வந்துட்டோம்மா. பஸ்ஸு நிக்கிது. இது வெள்ளக்காரங்க பஸ்ஸும்மா!”

மறுமுனையில் ஒரு தடதட சத்தம். யாரோ தெலுங்கில் சாவியைத் தேடினார்கள்.

குமுதா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அங்கே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். “வளையலு போடாமலே போயிடுவேனா?” என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். அவ்வளவு தூரம் வந்து, ஒரு சாப்பாட்டு நேரம் மட்டுமே கையில் இருக்கும்போது, என் தொழில் பேச்சு எங்களைக் கவிழ்த்துவிட்டது.

கார்த்திக்கிடம் போனேன். “சாரி சார். லேனாவோட பிரேக் முடிஞ்சா கிளம்பிடுவாங்க. அடுத்து கப்பல், அப்புறம் கோபன்ஹேகன்ல டின்னர். எல்லாமே புக்கிங்” என்றான். அவனைக் குறைசொல்ல முடியாது. எங்களைப் போன்ற கூட்டத்தை மேய்க்கிறவனுக்கு அதற்குமேல் இரக்கம் இருந்தால் வேலை நடக்காது.

அதற்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டெல்லா கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள்.

“இன்னாத்துக்கு அய்துக்கினு உக்காந்துக்கிற? பொண்ணு வர்றதுக்குள்ள நாம எல்லாத்தயும் ரெடி பண்ணி வெச்சிடலாம் குமுதா. வந்ததும் ஒக்கார வெச்சி போட்டுட வேண்டியதுதான். எய்ந்திரு.”

அதன் பிறகு அந்த ஓய்விடத்தில் நடந்ததை ஸ்வீடன் அரசாங்கம் எந்த விதியின்கீழ் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியாது. எங்களோடு வரும் சமையல்காரர் பொதட்டூர்பேட்டைக்காரர். அவர் பஸ்ஸின் வயிற்றிலிருந்து டப்பாக்களை இறக்கினார். அன்றைய மதியச் சாப்பாடே எலுமிச்சை சாதமும் புளிச்சாதமும் தயிர்சாதமும்தான். அதைப் பிரித்து வைத்ததும் பெண்கள், “சீமந்த சாப்பாடு தானா வந்துடுச்சி பாரு” என்று சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி சந்தனம் கொண்டுவந்திருந்தாள். ஒருத்தியிடம் குங்குமச் சிமிழ். பூ இல்லை. சாலையோரச் சரிவில் ஊதா நிறத்தில் நீளநீளமாகப் பூத்து நின்றது. நான்கைந்து பேர் இறங்கிப் பறித்து, ஹேர்பேண்டால் கட்டிச் சரமாக்கினார்கள். மணமில்லாத பூ. ஆல்பர்ட் உணவகத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டுத்தான் தூக்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை.

உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். லேனா தன் காபிக் கோப்பையோடு வந்து, யாருக்குக் கல்யாணம் என்று கார்த்திக்கிடம் கேட்டார். அவன் விளக்கினான். அவர் குமுதாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டேஷ்போர்டு பக்கம் கையைக் காட்டி, “அந்த இயந்திரத்துக்கு நான் சீக்கிரம் கிளம்புவதுதான் பிடிக்காது. கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் அது ஒன்றும் சொல்லாது. கப்பல்தான் சொல்லும்” என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கார்த்திக் கேட்டான். அவர் காபியைக் குடித்தார்.

ஒரு சிவப்புக் கார் வேகமாக வந்து நின்றது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுகன்யா இறங்கினாள். பட்டுப்புடவை பாதி கட்டியும் கட்டாமலும், தலை ஈரம். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. குமுதா ஓடியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மூட்டுவலி என்று கடை மாடிப்படிகூட ஏறாதவள்.

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம். குமுதா முதல் வளையலைப் போட்டாள். கை வீங்கியிருந்ததால் ஏறவில்லை. ஒருத்தி ஹேண்ட் கிரீம் நீட்டினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. பிறகு ஒவ்வொரு பெண்ணாக வந்து போட்டார்கள். பேர்கூடத் தெரியாத அத்தைகளும் சித்திகளும் எங்கிருந்து வந்தார்கள் என்று சுகன்யா விழித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா எடுத்த பாட்டு பாதி மாதா பாட்டு, பாதி நலுங்குப் பாட்டு. சரணம் வந்தபோது எதுவென்றே தெரியாமல் எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் லேனாவையும் இழுத்துவந்து போடச் சொன்னார்கள். அவர் ரொம்பப் பயந்து, வெடிகுண்டைக் கையாளுகிறவர்போல ஒரு வளையலை எடுத்துப் போட்டார். வந்த பெண்களெல்லாம் வளையல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஸ்டெல்லா அவர் கையிலும் பச்சையில் இரண்டு ஏற்றிவிட்டாள்.

ஆண்களுக்கு வளைகாப்பில் வேலை கிடையாது. நான் ஒரு ஓரம், சீனு ஒரு ஓரம். இருவருக்கும் நடுவில் ஒரு குப்பைத்தொட்டி. அவன் இரண்டு முறை என் பக்கம் பார்த்தான். நான் பூவைப் பார்த்தேன்.

கார்த்திக் கொடியைத் தூக்கினான். எல்லோரும் ஏற ஆரம்பித்தார்கள். குமுதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவில்லை.

“வளையலு போட்டாச்சில்ல? ஊட்டுக்கு கூட்டிக்கினு போவணும். ரோட்ல விட்டுட்டு வான்னு சொல்றீங்களே, எப்டி விட்டுட்டு வருவேன்?”

“அம்மா, நான் இன்னா சின்னப் புள்ளயா? இங்கதான எனக்கு ஊடு?”

“பெத்தவ ஊட்டுக்கு ஒரு வேளயாவது வரணும்டீ. ஒரு மணி நேரமாவது வரணும்.”

“எங்க இருக்குதும்மா அந்த ஊடு? இங்க இல்லியே!”

குமுதா திரும்பிப் பஸ்ஸைக் காட்டினாள். ஐந்து நாளாக எங்கள் பல் தேய்க்கிற பையும், காயப்போட்ட துண்டும், ஊறுகாய் பாட்டிலும் இருக்கிற பஸ். யாரும் சிரிக்கவில்லை.

கார்த்திக் கையெடுத்துக் கும்பிட்டான். “ஆன்ட்டி, சத்தியமா முடியாது. ஒரு தலை கூடிச்சினா இன்சூரன்ஸ் போச்சி. சீட்டும் இல்ல.”

“கூடாதுல்ல?” என்றேன் நான். “சரி. நான் எறங்கிக்கிறேன். கணக்கு சரியா இருக்குதா, பாத்துக்கோ.”

அவன் லேனாவைப் பார்த்தான். லேனா சுகன்யாவின் வயிற்றைப் பார்த்தார். “பெல்ட் போட வேண்டும். துறைமுகம் வரைக்கும்தான்” என்றார். துறைமுகம் ஒரு மணி நேர தூரம். கப்பலில் ஏறுவதற்கு முன்னால் சுகன்யா இறங்கிக்கொள்ள வேண்டும், நான் ஏறிக்கொள்ள வேண்டும். பேரத்தை முடித்தேன். சுகன்யா பஸ்ஸில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தாள். கார்த்திக் எண்ணினான், சரியாக இருந்தது. அவசரத்தில் நான் யோசிக்காத விஷயம் ஒன்றுதான், இனி நான் எதில் போவது என்பது.

சீனு காரின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“வாங்க மாமய்யா.”

ஏறி உட்கார்ந்தேன். அவன் ஏசியைக் கூட்டினான், குறைத்தான், சரியா என்று கேட்டான். சரி என்றேன். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். இருக்கிறது என்றேன். வெளியே மஞ்சளும் பச்சையுமாக வயல், ஒரு ஆள்கூட வேலை செய்யவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். அது மெதுவாகப் போனது. பின்னால் வந்த காரெல்லாம் எங்களைத் தாண்டின.

“தாண்டிப் போயிடலாமே?” என்றேன்.

“வேணாம் மாமய்யா. அவ உள்ள இருக்குது.” பிறகு அவனே சொன்னான். “தூக்கமே கெடயாது மாமய்யா அவளுக்கு. வாரக்கணக்கா. கால் வீங்கிக்கிது, எப்டிப் படுத்தாலும் வலி. நான் கால் அமுக்குறேன், சுடுதண்ணி வெக்கிறேன், டாக்டராண்ட காட்னேன். நார்மல்னு சொல்லிட்டாங்க. ராத்திரி உக்காந்துக்கினே இருக்குது. நானும் கூட உக்காந்துக்கினே இருக்கறன். எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல மாமய்யா.”

சொல்லும்போது சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்குக் கீழேயும் கருப்பாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு வருஷமாக இவன்மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப்பார்த்தேன். கைக்கு அகப்படவில்லை.

“குமுதாவுக்கும் அப்டித்தாம்பா இருந்துச்சி” என்றேன். “அவங்க அம்மா ஊட்டுக்குப் போனதும்தான் தூங்கினா. மூணு நாளு எய்ந்திருக்கவேயில்ல. நான் பயந்துபோயி வைத்தியரைக் கூட்டிக்கினு போயிட்டேன். என் மாமியா என்ன தொரத்தி வுட்டுட்டாங்க.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு தடாவில் அவன் வீடு எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னான். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு நானே கம்பி இறக்கியிருக்கிறேன்.

துறைமுகம் வந்தது. எங்களுக்கு முன்னால் பஸ் வரிசையில் நின்றது. எதிர்க்கரையில் டென்மார்க் தெரிந்தது, கப்பல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. சீனு இறங்கி ஓடினான், சுகன்யாவைக் கூட்டிவர. நானும் பின்னால் போனேன், என் சீட்டைப் பிடிக்க.

பஸ் கதவு திறந்ததும் எனக்கு ஒன்று விநோதமாகப் பட்டது. சத்தம் இல்லை. ஐந்து நாளாக ஒரு நிமிடம்கூட வாய் ஓயாத கூட்டம். யாரோ ஒருவர் எப்போதும் வீடியோ காலில் மச்சானிடம் கத்திக்கொண்டிருப்பார். இப்போது எல்லோரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். ஆல்பர்ட் ஒரு முறுக்கை வாயில் வைத்தபடி கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். லேனா வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வளையல் குலுங்காமல் இருக்க.

சுகன்யா தூங்கிக்கொண்டிருந்தாள். குமுதாவின் தோளில் தலை, வாய் லேசாகத் திறந்திருந்தது. வளையல் கைகள் வயிற்றின்மேல். குமுதா அசையவில்லை. தோள் மரத்துப்போயிருக்கும். எங்களைப் பார்த்தாள், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

கார்த்திக் மெல்லக் கிசுகிசுத்தான். “சார், எழுப்புங்க. கப்பல்ல ஏறப்போறோம். அந்தாண்ட டென்மார்க்.”

கையில் வளையலோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எதற்கென்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜனங்கள் செய்கிறார்கள், நாமும் செய்கிறோம் என்றிருந்தேன். இதற்குத்தான். அவளைத் தூங்கவைக்கத்தான்.

நான் வாய் திறப்பதற்குள் சீனு படியிலிருந்து பின்வாங்கி இறங்கினான். என் கையைத் தொட்டு வெளியே கூட்டிவந்தான்.

“தூங்கட்டும் மாமய்யா. எங்க பாஸ்போர்ட்டு, பர்மிட் கார்டெல்லாம் கார்லயே இருக்குது. நாமளும் டிக்கெட் எடுத்து கப்பல்ல ஏறிடலாம். அந்தாண்ட போயி எப்ப எய்ந்திரிக்கிதோ அப்ப கூட்டிக்கினு வர்றேன்.”

பஸ் கதவு ஓசையில்லாமல் மூடியது. நாங்கள் இருவரும் காருக்குத் திரும்பினோம். நான் மறுபடியும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.